திறவுகோலைச் சரிபார்ப்பது யார் பொறுப்பு: சர்வரா, பேசிக்கொள்ளும் இருவரா?

கிருஷ்ணகிரி நிரலர்:
மாங்காய் விவசாயிகளும் கூழ் ஆலைகளும் விலை பேசிக்கொள்ள நாங்கள் வடிவமைக்கும் செயலியில், ஒவ்வொருவரின் பொதுத் திறவுகோலையும் (அவருக்கு அனுப்பும் செய்தியைப் பூட்டப் பிறர் பயன்படுத்தும் எண்) சர்வர்தான் வழங்குகிறது. ஆலையின் திறவுகோலுக்குப் பதிலாக அது வேறொருவருடையதைக் கொடுத்துவிட்டால், மறையாக்கம், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது, எவ்வளவு வலுவாக இருந்தாலும் நடுவில் இருப்பவர் எல்லாவற்றையும் படித்துவிடுவார். ஆகவே திறவுகோல்களை மெர்கல் மரப் பதிவேட்டில் வைத்து, செயலியே சரிபார்க்கட்டும் என்கிறேன். அதில் ஒவ்வொரு பதிவிலிருந்தும் ஹாஷ் எனும் சுருக்கக் குறியீடு கணக்கிடப்பட்டு, அவை படிப்படியாக இணைந்து ஒரே வேர் ஹாஷில் முடியும். ஒரு பதிவை மாற்றினாலும் மரத்தின் வேர் ஹாஷ் மாறிவிடும். 2015-இல் கோனிக்ஸ் (CONIKS) என்ற திறவுகோல் பதிவேட்டு ஆய்வு முன்வைத்ததும், 2023-இல் வாட்ஸ்அப் அறிவித்ததும் இவ்வகை ஏற்பாடுகளே.

தருமபுரி ஆசிரியர்:
ஏற்க இயலவில்லை, ஐயா. பதிவேடு மோசடியைத் தடுப்பதில்லை, நடந்தபின் காட்டிக்கொடுக்கிறது. சிக்னல் செயலியில் உள்ளதுபோல, இருவரின் திறவுகோல்களிலிருந்து கணக்கிடும் 60 இலக்கப் பாதுகாப்பு எண்ணையோ க்யூஆர் கோடையோ நேரில் ஒப்பிட்டுவிட்டால் சர்வரை நம்பவே தேவையில்லை. போச்சம்பள்ளிச் சந்தையில் முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு இது பெரிய வேலையா?

கிருஷ்ணகிரி நிரலர்:
முதல் முறை பெரிய வேலையில்லை. போன் உடைந்து புதியது வாங்கும்போது திறவுகோல் மாறும்; அறுவடைக் காலத்தில் அடுத்த சந்தை வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள், எச்சரிக்கையைப் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்துவார்கள். பதிவேட்டிலோ, ஒவ்வொரு போனும் தன் உரிமையாளரின் பெயரிலுள்ள பதிவை இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும். தான் உருவாக்காத திறவுகோல் அங்கே தோன்றினால் உடனே அறிவிக்கும்.

தருமபுரி ஆசிரியர்:
ஆலையின் போனுக்கு உண்மையான மரத்தையும் விவசாயியின் போனுக்குப் போலி மரத்தையும் சர்வர் காட்டினால், இரண்டு சரிபார்ப்புகளும் வெற்றி பெறுமே? மேலும், தொலைபேசி எண்களை வெறும் ஹாஷாக இட்டாலும், பத்து இலக்கங்களை வரிசையாக முயன்று பார்த்து யார் யார் பதிந்திருக்கிறார்கள் என்று எவரும் அறிந்துவிடலாம்.

கிருஷ்ணகிரி நிரலர்:
இரண்டாவதற்கு விடை எளிது: சர்வரின் ரகசியத் திறவுகோலைக் கொண்டு கணக்கிட்டு, சரியென நிரூபிக்கவும் கூடிய குறியீட்டை எண்ணுக்குப் பதிலாக வைக்கலாம். முதலாவதுதான் உண்மையான சிக்கல். ஒவ்வொரு வேர் ஹாஷிலும் வெளித் தணிக்கையாளர்கள் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பம் இல்லாத மரத்தைச் செயலி நிராகரிக்க வேண்டும்.

தருமபுரி ஆசிரியர்:
சர்வரை நடத்துகிறவரே தணிக்கையாளரையும் நியமித்தால் அந்தக் கையொப்பத்துக்கு மதிப்பில்லை. விவசாயிகள் சங்கம் ஒன்றும் கல்லூரி ஒன்றும் தனித்தனிக் கணினிகளில் தணிக்கை செய்வதானால் ஒப்புக்கொள்கிறேன். அப்போதும், திறவுகோல் மாறியபின் மீண்டும் ஸ்கேன் செய்யும்வரை விலை பற்றிய செய்தி எதுவும் போகக்கூடாது.

கிருஷ்ணகிரி நிரலர்:
ஏற்கெனவே நேரில் ஸ்கேன் செய்துகொண்ட இருவருக்கிடையே அந்தத் தடையை வைக்கிறேன். எல்லோருக்கும் வைத்தால் செயலியையே கைவிட்டுச் சாதாரண அழைப்புக்குத் திரும்பிவிடுவார்கள். அதில் பேசும் இருவர் மட்டுமே திறக்கக்கூடிய மறையாக்கம் கிடையாது.