சின்னக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேப்பல் கட்டாயமாக இருக்கலாமா?

நிலாமுற்றம்:
தங்கைக்கு ஒரு கிராமப்புறக் கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மொத்தமே நானூறு பேர்தான். வாரம் மூன்று நாள் சேப்பல், அதாவது எல்லாரும் கூடும் ஆராதனை, வருகைப்பதிவு உண்டு, அடிக்கடி தவறினால் நடவடிக்கை என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு விசுவாசம் உண்டு. ஆனால் கட்டாயம் என்ற சொல்லைப் பார்த்ததும் தயங்குகிறாள். இப்படிப்பட்ட இடத்தில் படித்தவர்கள் சொல்லுங்கள்.

மணியோசை:
தைரியமாக அனுப்புங்கள். நானும் அப்படி ஒரு கல்லூரியில்தான் படித்தேன். எல்லாத் துறைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் நேரம் காலை சேப்பல் மட்டும்தான். இயற்பியல் பேராசிரியர் என் பின்வரிசையில் நின்று சுருதி சேராமல் சத்தமாகப் பாடுவார். வகுப்பில் அவர் முகத்தைப் பார்க்கவே நடுங்கிய எனக்கு அங்கேதான் பயம் விட்டது. இரண்டாம் ஆண்டில் அப்பா தவறிவிட்டார். மறுநாள் சேப்பலில் என் பெயரைச் சொல்லி ஜெபித்திருக்கிறார்கள். காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்தால், முகம் மட்டுமே தெரிந்த பையன்கள் எனக்காகப் பாடக்குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். விருப்பப்பட்டவர்கள் வந்தால் போதும் என்று விட்டிருந்தால் பாதிப் பேருக்கு விஷயமே தெரிந்திருக்காது.

தனிவழி:
உங்கள் அப்பா விஷயத்தில் அவர்கள் நடந்துகொண்டதை மனதார மதிக்கிறேன். ஆனால் அந்த அன்பு, இடம் சின்னதாக இருந்ததால் வந்தது. வருகைப்பதிவால் வந்ததல்ல. அதே சின்ன இடத்தில் எனக்கு நடந்ததையும் கேளுங்கள். விசுவாசத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அறைத்தோழனிடம் மட்டும்தான் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் மெஸ்ஸில் ஒவ்வொருவராக வந்து "உனக்காக ஜெபிக்கிறோம்" என்றார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் ஒதுங்கி நின்று யோசிக்க எனக்கு ஓரிடம் இல்லை. சேப்பலுக்குப் போகாமலும் இருக்க முடியாது. கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைக்கப் பழகினேன். ஜெபிக்கப் போன இடத்தில் நடிக்கக் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1886இலேயே கட்டாய ஆராதனையை விட்டுவிட்டது, யேல் பல்கலைக்கழகம் 1926இல் விட்டது.

மணியோசை:
ஹார்வர்டையும் யேலையும் இன்று யாராவது கிறிஸ்தவக் கல்லூரி என்று சொல்கிறார்களா? அதைத்தானே நான் பயப்படுகிறேன்! ஆஸ்பரி பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வில்மோர் என்ற சிற்றூரில் இருக்கிறது. 2023 பிப்ரவரி 8, புதன்கிழமை, வழக்கமான கட்டாய சேப்பல். முடிந்த பிறகும் சில மாணவர்கள் எழுந்து போகவில்லை, பாடிக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் இருந்தார்கள். போனவர்களும் திரும்பி வந்தார்கள். 16 நாள் நடந்தது அந்த எழுப்புதல், அதாவது விசுவாசம் புத்துயிர் பெற்ற கூட்டம். சுமார் ஐம்பதாயிரம் பேர் வந்து போனார்கள் என்று கணக்கிட்டார்கள். கட்டாயம் இல்லையென்றால் அந்தப் புதன்கிழமை அந்தப் பிள்ளைகள் அங்கே இருந்திருப்பார்களா?

தனிவழி:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். கட்டாயம், சேப்பல் முடிந்த நிமிடத்தோடு தீர்ந்தது. எழுப்புதல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது, போகலாம் என்ற பிறகும் உட்கார்ந்திருந்தவர்களிடம். அவர்களுக்கு யார் வருகை போட்டது?
எல்லாரும் ஒன்றாக இருக்க வேறு வழியும் உண்டு. அதே கென்டக்கியில் பெரீயா கல்லூரி, 1855இல் தொடங்கியது. 1892 முதல் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் எல்லாருக்கும் அங்கே வேலை உண்டு, வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம். சேர்ந்து பாத்திரம் கழுவினாலும் உறவு வளரும். பைபிளில் வரும் பெரோயா பட்டணத்தின் பெயர் அது. அப்போஸ்தலன் பவுல் சொன்னதை அப்படியே நம்பிவிடாமல், சரிதானா என்று தினமும் ஆராய்ந்து பார்த்தவர்கள் என்றுதானே அந்த ஊராரைப் புகழ்ந்திருக்கிறது?

பழைய வார்டன்:
நான் வருகைப்பதிவு எடுத்தவன். சேப்பல் கட்டாயமாக இருப்பதில் எனக்கு இன்னமும் உடன்பாடுதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி தொடர்ந்து வரவில்லை. வழக்கம்போல எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினேன். இரண்டாவது கடிதமும் போயிற்று. பிறகுதான் தெரிந்தது, பல வாரமாக அவள் இரவில் தூங்காமல், காலையில் எழ முடியாமல், யாரிடமும் சொல்லாமல் தவித்திருக்கிறாள். நானூறு பேர் இருக்கும் இடத்தில் ஒருத்தி வராதது உடனே கண்ணில் படும், அதுதான் சின்னக் கல்லூரியின் பலம். அதை வைத்துக்கொண்டு நான் கடிதம் அனுப்பினேன். அதற்கப்புறம் யாராவது மூன்று நாள் வரவில்லை என்றால் நானே போய்க் கதவைத் தட்டி, "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்றுதான் முதலில் கேட்பேன்.

தனிவழி:
ஐயா, என் கதவை அப்படி யாராவது தட்டியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஆனாலும் அது உங்கள் குணம், விதியின் குணமல்ல. அடுத்த வார்டன் கடிதம்தான் அனுப்புவார்.

மணியோசை:
அதை மறுக்க மாட்டேன். கடிதம் அனுப்பும் விதியை எடுத்துவிடலாம். சேப்பலை மட்டும் எடுக்காதீர்கள்.

நிலாமுற்றம்:
எல்லாவற்றையும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த வாரம் கல்லூரியைப் பார்க்கப் போகிறோம். "சேப்பலுக்கு மூன்று நாள் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று வார்டனிடம் அவளே கேட்கப் போகிறாளாம். பதிலைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்கிறாள்.