கிரேட் 9 பாடத் தெரிவு: பிரெஞ்சு இமெர்ஷனைத் தொடர்ந்தால் பொறியியலுக்கு இடம் இருக்குமா?

மார்க்கம் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இப்போது கிரேட் 8. கிரேட் 1இல் இருந்து பிரெஞ்சு இமெர்ஷனில்தான், அதாவது பல பாடங்களைப் பிரெஞ்சிலேயே படிப்பிக்கும் பிரிவில்தான், படிக்கிறாள். வரும் செப்டெம்பரில் உயர்நிலைப் பாடசாலை. கிரேட் 9 பாடங்களை மைபுளூபிரிண்ட் என்ற இணையத்தளத்தில் தெரிவு செய்து இந்த மாத முடிவுக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

அவளுக்குப் பொறியியல் படிக்க ஆசை. அப்பாவோ, "பல்கலைக்கழகம் பார்க்கப் போவது கணிதமும் விஞ்ஞானமும்தான், பிரெஞ்சை இத்தோடு விடட்டும்" என்கிறார். நெருங்கிய தோழிகளும் ஆங்கிலப் பக்கம் மாறுகிறார்கள். மகள் மட்டும் விடமாட்டேன் என்று நிற்கிறாள். எங்கள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவர் அவள் ஒருத்திதான். இத்தனை வருடம் படித்ததை அந்தரத்தில் விட எனக்கும் மனம் வரவில்லை.

ஒன்ராறியோ உயர்நிலை டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் (பொதுவாக ஒரு பாடத்துக்கு ஒன்று), இமெர்ஷன் சான்றிதழுக்கு 10 கிரெடிட் என்கிறார்கள். சனிக்கிழமை தமிழ் கிரெடிட் வகுப்புக்கும் அனுப்ப விருப்பம். பௌதிகவியல், இரசாயனவியல், கால்குலஸ் எல்லாம் எடுக்க வேண்டிய பிள்ளைக்கு இவ்வளவும் நாலு வருடத்துக்குள் அடங்குமா? இந்த வழியால் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஸ்காபரோ அக்கா:

தங்கச்சி, அடங்கும். என் மகன் இமெர்ஷன் சான்றிதழோடு முடித்துவிட்டு இப்போது இயந்திரப் பொறியியல் படிக்கிறான். ஆனால் கிரேட் 9, 10இலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கிரேட் 11இல் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பிள்ளைகள்தான் சான்றிதழுக்கு ஒன்று இரண்டு கிரெடிட் குறைந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். நேரசூசிதான் இடம் கொடுக்கவில்லை.

முதலில் அந்த 30ஐயும் 10ஐயும் கூட்டாதீர்கள். பத்தும் முப்பதுக்குள்ளேயே வருகிறது. நாலு வருடமும் வருடத்துக்கு ஒரு பிரெஞ்சு மொழிப் பாடம், அது 4. மற்ற 6உம் பிரெஞ்சில் படிப்பிக்கப்படும் வேறு பாடங்கள். புவியியலைப் பிரெஞ்சில் படித்தாலும் டிப்ளோமாவுக்கு அது கட்டாயப் புவியியல்தான், தனியாக இன்னொன்று தேவையில்லை.

இன்னொன்று, பழைய பட்டியலைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். 2024 செப்டெம்பரில் இருந்து கிரேட் 9 தொடங்குகிறவர்களுக்கு 17 கட்டாயக் கிரெடிட், 13 விருப்பக் கிரெடிட். முன்பு 18உம் 12உம். இப்போது கிரேட் 9 அல்லது 10இல் ஒரு தொழில்நுட்பப் பாடமும் கட்டாயம்.

நாங்கள் ஒரு பெரிய தாளில் நாலு நிரல் கீறி, ஒவ்வொன்றிலும் எட்டுப் பெட்டி போட்டோம். பிரெஞ்சில் வரும் பாடத்துக்கு மட்டும் நீல நிறம். உங்கள் மகளுக்குப் போட்டுப் பார்த்தால் கிரேட் 9இல் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், புவியியல், பிரெஞ்சு, உடற்கல்வி, ஒரு கலைப் பாடம், தொழில்நுட்பம். எட்டும் சரி. கிரேட் 10இல் கனேடிய வரலாறும், அரை அரைக் கிரெடிட்டாக வரும் குடியியலும் தொழில் வழிகாட்டலும் இருக்கும். புவியியல், வரலாறு, இந்த இரண்டு அரை, எல்லாம் பிரெஞ்சில் கிடைத்தால் 3 வந்துவிட்டது. இன்னும் 3 வேண்டும்.

கிரேட் 11இல் ஆங்கிலம், ஃபங்ஷன்ஸ் என்ற கணிதப் பாடம், பௌதிகவியல், இரசாயனவியல், பிரெஞ்சு போக மூன்று பெட்டி வெறுமையாக இருக்கும். கிரேட் 12இல் ஆங்கிலம், அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கால்குலஸ், பௌதிகவியல், இரசாயனவியல், பிரெஞ்சு போக இரண்டு. தாளில் பார்த்தால் தாராளம். ஆனால் பிரெஞ்சில் நடக்கும் மேல்வகுப்புப் பாடங்கள் பல இடங்களில் வருடத்துக்கு ஒரேயொரு வகுப்புத்தான். அது பௌதிகவியல் நடக்கும் அதே நேரத்தில் விழுந்தால் பிள்ளை எதை விடுவாள்? அதனால் கிரேட் 9, 10இல் கணிதமோ விஞ்ஞானமோ பிரெஞ்சில் இருந்தால் அதையும் எடுத்து, கிரேட் 10 முடியும்போது பிரெஞ்சு மொழிப் பாடம் தவிர 5 நீலப் பெட்டி இருக்கப் பாருங்கள். மிச்சம் ஒன்று என்றால் சமாளிக்கலாம்.

ஒட்டாவா மாணவி:

அக்கா, மகளிடம் என் சார்பில் ஒரு பாராட்டுச் சொல்லுங்கள். தோழிகள் போகும்போது தனியாக நிற்பது லேசான காரியம் இல்லை.

நான் இமெர்ஷன் முடித்து இப்போது ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம், அங்கேயும் இமெர்ஷன் பிரிவுதான். அங்கிள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அனுமதிக்குக் கிரேட் 12இன் சிறந்த ஆறு பாடங்களைத்தான் பார்ப்பார்கள். பொறியியலுக்கு ஆங்கிலம், இரண்டு கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று ஐந்து கட்டாயம். ஆறாவது, பெரும்பாலான இடங்களில் உங்கள் விருப்பப் பாடம். கிரேட் 12 பிரெஞ்சு ஒரு 4யூ பாடம், அதாவது பல்கலைக்கழகத்துக்குத் தயார்ப்படுத்தும் பாடம் என்பதால் அந்த ஆறாவது இடத்தில் அப்படியே உட்காரும். சிறு வயதில் இருந்து படித்த பாடத்தில் நல்ல புள்ளி எடுப்பது, புதிதாக ஒரு பாடத்தைத் தேடி எடுப்பதை விடப் பாதுகாப்பானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சான்றிதழைத் தவிர டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிப் பரீட்சையும் இருக்கிறது. பிரான்ஸ் கல்வி அமைச்சு கொடுக்கும் டிப்ளோமா அது, காலாவதி ஆகாது. ஒன்ராறியோவில் பல கல்விச் சபைகள் கிரேட் 12 மாணவர்களுக்கு அதை நடத்துகின்றன. அதில் பி2 என்ற மேல் இடைத்தர நிலையை இலக்காக வைக்கலாம். பிறகு மத்திய அரசில் இருமொழி வேலைக்குப் போனால் அவர்கள் தங்கள் சொந்தப் பரீட்சையைத்தான் வைப்பார்கள். ஆனால் பி2 வரை போனவளுக்கு அது பயமுறுத்தாது.

மார்க்கம் அம்மா:

இரண்டு பேருக்கும் மெத்த நன்றி. 30க்குள்தான் அந்த 10உம் என்பது எனக்கு இன்றுதான் தெளிவாகியது. இவரிடமும் வாசித்துக் காட்டினேன், ஆறாவது பாட விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். ஆனால் கிரேட் 9 கணிதத்தைப் பிரெஞ்சில் எடுத்தால் பிறகு ஃபங்ஷன்ஸ் ஆங்கிலத்தில் வரும்போது தடுமாறுவாளா? அத்தோடு தமிழ் வகுப்பு சுமையாகிவிடுமா?

கணித ஆசிரியர்:

அம்மா, மாலை வகுப்புகளில் இமெர்ஷன் பிள்ளைகள் பலருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். சமன்பாட்டுக்கு மொழி இல்லை, ஆகவே அல்ஜிப்ராவில் சிக்கல் வராது. சொற்கணக்குகளில்தான் முதல் சில கிழமை மெதுவாக வாசிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். கிரேட் 10இல் ஆங்கிலத்துக்கு மாறினால் ஃபங்ஷன்ஸ் வரும்போது ஒரு வருடப் பழக்கம் இருக்கும். விஞ்ஞானம் வேறு மாதிரி. ஆய்வுகூட அறிக்கை நிறைய எழுத வேண்டும், பிரெஞ்சில் எழுதச் சலிக்காத பிள்ளைக்கே அது பொருந்தும். உங்கள் மகள் அப்படித்தான் தெரிகிறது.

பயம் இருந்தால் இதையும் தெரிந்து வையுங்கள். செமஸ்டர் முறை உள்ள பாடசாலையில், கிரேட் 11, 12 பாடம் ஒன்றை முதல் ரிப்போர்ட் கார்ட் வந்து ஐந்து பாடசாலை நாட்களுக்குள் விட்டுவிட்டால் அது ட்ரான்ஸ்கிரிப்டில், அதாவது பல்கலைக்கழகம் பார்க்கும் புள்ளிப் பதிவில், ஏறாது. கிரேட் 12 பிரெஞ்சு பாரமானால் அப்போது முடிவெடுக்கலாம். இன்றைக்கே கதவை மூட வேண்டியதில்லை.

தமிழைக் கட்டாயம் எடுங்கள். சனிக்கிழமை வகுப்பு பகல் நேரசூசியில் ஒரு பெட்டியையும் பிடிக்காது, ஆனால் விருப்பக் கிரெடிட் 13இல் ஒன்றாகச் சேரும். இப்படிச் சேர்த்து வைத்தால் கிரேட் 12இல் ஒரு பாடவேளையை வகுப்பில்லாமல் வைத்துக் கால்குலஸுக்கு நேரம் ஒதுக்கலாம். டிப்ளோமாவுக்குக் கட்டாயமான 40 மணித்தியாலச் சமூகசேவையையும் இந்தக் கோடையிலேயே தொடங்கலாம், கிரேட் 9 வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மார்க்கம் அம்மா:

நன்றி ஐயா. நேற்றிரவு மகளே தாளில் பெட்டி கீறி நீலம் பூசிவிட்டாள். பாடசாலை வழிகாட்டல் கவுன்சிலருக்கு இப்போது எழுதுகிறேன்: கிரேட் 9 விஞ்ஞானம் பிரெஞ்சில் உண்டா, கிரேட் 11, 12இல் பிரெஞ்சில் எந்தெந்தப் பாடங்கள் நடக்கின்றன, வருடாவருடம் நடக்குமா அல்லது ஒரு வருடம் விட்டு ஒரு வருடமா, பௌதிகவியலோடு மோதுமா. வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சொல்லுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன், அடுத்த வருடம் தேடுகிறவர்களுக்கும் உதவும்.