பி.எம்.ஆர் (உடலியக்க மறுவாழ்வு) டாக்டரைத் தேடி அலைந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பிழைத்து வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் சீட்டில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒரே வரி. தொடர்ந்தோம். வீட்டுக்கு வந்த பிசியோ தங்கமான பெண், மனசார உழைத்தாள். ஆனாலும் நாலாவது மாதம் அப்பாவின் கை மூடிக்கொள்ள ஆரம்பித்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நாலு விரலும் அதன்மேல் இறுகி, நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகிவிட்டது. குளிப்பாட்டும்போது அந்தக் கையைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்து மூளையில் புதிதாக ஒன்றுமில்லை என்றார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். இருவர் சொன்னதும் உண்மைதான். கை மட்டும் திறக்கவில்லை.

கடைசியில் பிசியோவே சொன்னாள்: "இது என் கையில இல்லக்கா, ஒரு பி.எம்.ஆர் டாக்டர்கிட்ட காட்டுங்க." அப்படி ஒரு துறை இருப்பதே அன்றுதான் தெரியும். பிசிக்கல் மெடிசின் அண்ட் ரீஹாபிலிடேஷன். அந்த டாக்டரை பிசியாட்ரிஸ்ட் என்பார்கள். நான் போனில் அப்படிக் கேட்டதும் ஒரு மருத்துவமனையில் சைக்கியாட்ரிஸ்ட் என்று எடுத்துக்கொண்டு மனநலப் பிரிவில் டோக்கன் போட்டுவிட்டார்கள். அப்பாவை வீல்சேரில் ஏற்றி இறக்கி ஒரு நாள் முழுக்க வீண். தயவுசெய்து பி.எம்.ஆர் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த டாக்டர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "எந்த வேலைய நீங்களே செய்யணும்னு ஆசைப்படுறீங்க?" அதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. பேச்சு வராததால் அப்பா சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். பிறகு டாக்டர் கையைப் பிடித்து மெள்ள மெள்ள விரலை நீட்டினார், வந்தது. அதையே வெடுக்கென்று நீட்டியபோது பாதியில் பிடித்துக்கொண்டது. "மெதுவா வருது, வேகமா இழுத்தா பிடிக்குது. தசை இன்னும் நிரந்தரமா சுருங்கல. நரம்புக் கோளாறால வர்ற இறுக்கம் இது" என்றார். முன்கைத் தசைகளில், இறுக்கத்தைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டார். சில நாளில் இளக ஆரம்பித்து, ஒரு மாதத்தில் நன்றாகத் தெரிந்தது. சுமார் 3 மாதம்தான் பலன் நிற்கும், அதற்குள் பயிற்சியும் ஸ்ப்ளிண்ட்டும் (கையை விரித்து வைக்கும் தாங்கி) விடாமல் நடக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதே பிசியோதான் பயிற்சி கொடுத்தாள். டாக்டர் எங்கே பிடிப்பது என்று வழி காட்டினார்.

இன்னொன்று. அப்பாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வந்தோம். தோளில் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பதைத் தொட்டுக் காட்டி, தளர்ந்த தோளை இப்படி இழுத்தால் மூட்டு விலகும் என்றார். நாலு மாதமாக நாங்களே வலி கொடுத்திருக்கிறோம்.

*

அக்கா, எனக்கு முதுகுத்தண்டில் அடி, மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஒரு ராத்திரி மண்டை பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை, பிரஷர் எகிறிவிட்டது. அவசரப் பிரிவில் பிரஷருக்கு மட்டுமே வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. என் பி.எம்.ஆர் டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்ததால் என் மனைவி என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்புத் துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாயைப் பார்த்தாள். தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. சிறுநீர் போகாமல் சிறுநீர்ப்பை நிரம்பியதுதான் பிரஷரை ஏற்றியிருக்கிறது. நேராக்கியதும் சில நிமிடத்தில் தலைவலி இறங்கியது. ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு இப்படிப் பிரஷர் எகிறுவது உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

*

எனக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். வலிக்கு இதமாக இருக்கிறதென்று வாரக்கணக்கில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தேன். முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. செயற்கைக்கால் பொருத்தப் போன இடத்தில்தான் பி.எம்.ஆர் டாக்டரிடம் அனுப்பினார்கள். மாதக்கணக்கில் நீட்டி நீட்டி எடுத்த பிறகே கால் போட முடிந்தது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவரைப் பார்த்துவிடுங்கள்.

*

எங்கே தேடுவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு, முதல் பதிவு போட்டவள் எழுதுகிறேன். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனைகளில் முதலில் விசாரியுங்கள். பிசியோவையும் செயற்கைக்கால் செய்பவர்களையும் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 'ரீஹாப் சென்டர்' என்ற பலகையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சில இடங்கள் குடிப்பழக்கத்திலிருந்து மீட்பவை, சிலவற்றில் பிசியோ மட்டுமே இருப்பார். டாக்டரின் பட்டத்தில் இந்தத் துறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

போகும்போது மாத்திரைச் சீட்டோடு, நோயாளி வீட்டில் கட்டிலைவிட்டு எழுவதையும் நடப்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் டாக்டர் அதைத்தான் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

அப்பாவின் வலது கை இன்னும் வேலை செய்யவில்லை. ஆனால் திறக்கிறது, புண் ஆறிவிட்டது, நகம் வெட்ட முடிகிறது. பொத்தானை இடது கையால் போடக் கற்றுக்கொடுத்தார்கள். மேல் பொத்தானுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்.