பொருள்: அணுக்கள் சேர, எலக்ட்ரான் வெளியேற: இதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

முதுகலைப் பாடக்குறிப்பு ஒன்றை நாளை மாலைக்குள் அச்சுக்குத் தரவேண்டும். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். உயர் கிளர்வு நிலையில் (வெளி எலக்ட்ரான் ஆற்றல் பெற்று மேல்நிலைக்கு ஏறிய நிலையில்) உள்ள ரூபிடியம் அணு, சாதாரண ரூபிடியம் அணுவோடு மோதுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு மூலக்கூறு அயனியாகின்றன. ஒட்டியதில் கிடைத்த ஆற்றல் ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளிவிடுகிறது. ‘அசோசியேட்டிவ் அயனைசேஷன்’. ‘இணைவு அயனியாக்கம்’ என்று எழுதிவிடலாமா?

—

> இணைவு அயனியாக்கம்

வேண்டாம் ஐயா. அணுக்கரு இணைவைப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே படித்தாயிற்று. நேரே சூரியனுக்குள் போய்விடுவார்கள். ‘புணர் அயனியாக்கம்’ என்பேன். மரம் + வேர் = மரவேர். சேரும்போது மகர மெய் கெடுகிறது அல்லவா? இங்கே எலக்ட்ரான் கெடுகிறது. நன்னூல் படித்தவருக்கு விளக்கமே தேவையில்லை.

—

எலக்ட்ரான் எங்கே கெட்டது அம்மா, தப்பித்து ஓடுகிறது! அப்புறம், ‘புணர்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பைப் பத்து நிமிடம் அடக்கிக் காட்டுங்கள். நான் பட்டவன்.

—

அதற்கு முன் ‘அயனி’யைக் கவனிப்போமே. ‘செல்வது’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லை 1834-இல் ஃபாரடே கையாண்டார். உத்தராயணத்தில் வரும் ‘அயன’மும் செல்வதுதான்; வேரும் ஒன்றே. ஆக, ‘அயனி’ கிரேக்கமா வடமொழியா என்று சண்டை போடுவதைவிட, ‘செல்லி’ என்றே வைத்தால் என்ன? செல்லியாக்கம்.

—

செல்லி என்று எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுவார்கள்.

—

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ‘அயனாக்கம்’ என்று படித்தோம். உங்கள் ‘கிளர்வு’ எங்களுக்கு ‘அருட்டல்’. அது கிடக்கட்டும். குறிப்பின் அடுத்த பத்தியில் ‘ஒத்ததிர்வு’ வருமே? இரண்டு அயனிக் கூடுகளுக்கும் (வெளி எலக்ட்ரானை நீக்கினால் எஞ்சும் அணுப்பகுதிகளுக்கும்) நடுவே உள் எலக்ட்ரான் தாவிக்கொண்டிருக்கும். அந்தத் தாவலின் அதிர்வெண், வெளி எலக்ட்ரானின் நிலைமாற்றத்துக்கு வேண்டியதோடு பொருந்தினால் ஆற்றல் கைமாறும். அதற்குப் ‘பரிவு’ எவ்வளவு பொருத்தம்! சுரமானியில், அதாவது பெட்டிமேல் கம்பி இழுத்துக் கட்டிய ஆய்வகக் கருவியில், கம்பிமேல் மடித்த காகிதத் துண்டை வைத்துவிட்டு, இசைக்கவையைத் தட்டிப் பெட்டிமேல் ஊன்றிப் பாருங்கள். நீளம் சரியாக இருந்தால் காகிதம் துள்ளி விழும். கம்பியை யாரும் தொடவில்லை, கவைக்காக அது பரிகிறது.

—

அழகுதான். ஆனால் தமிழ்நாட்டு மாணவர் ‘பரிவு’ என்றால் இரக்கம் என்று எழுதிவைப்பார்.

—

அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நாலு பேர் தனிமடலில் சரி என்றதால் ‘சேர்க்கை அயனியாக்கம்’ என்று போட்டு அனுப்புகிறேன். ஒத்ததிர்வு அப்படியே இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் பரிவு.

—

> சேர்க்கை அயனியாக்கம்

விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் ஐயா? ‘புணர்’தான். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.