பாய்மரப் படகின் குழாயில் நீர்க்கசிவு

கேள்வி: காசிமேட்டில் கட்டியிருக்கும் என் சிறிய பாய்மரப் படகின் சமையல் மேடைக் குழாய், எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டிக்கொண்டே இருப்பதால், இரவில் யாரும் தொடாமலேயே, குழாயில் அழுத்தம் குறைந்தால் தானாக ஓடும் பம்பு அவ்வப்போது ஓடி நின்று பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது. வாஷரை மாற்றினால் போதுமா?

பதில் 1: பம்பின் சுவிட்சை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு கைப்பிடியோடு திரும்பும் தண்டைக் கழற்றிப் பாருங்கள், அதன் நுனியிலுள்ள வாஷரில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதுவே காரணம். அதற்கு முன் சிங்க்கின் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். என் திருகு ஒன்று உள்ளே போய், அரை நாள் வீணானது.

பதில் 2: பித்தளையையும் கவனியுங்கள், ஐயா. உப்பு நீர் பட்டுப்பட்டு அதிலுள்ள துத்தநாகம் கரைந்துவிட்டால், எஞ்சும் செம்பு இளஞ்சிவப்பாகி நொறுங்கத் தொடங்கும். அந்த நிறம் தெரிந்தால் குழாயையே மாற்றுவது நல்லது.

கேட்டவர்: பள்ளம் இருந்தது; உட்புறம் மஞ்சளாகவே உள்ளது. புது வாஷர் போட்டதும் சொட்டு நின்றது.