ரப்பரில் ஊறிய பூச்சிமருந்தைக் குளிர் பிளாஸ்மா எடுக்குமா?

வணக்கம் நண்பர்களே. பூச்சிமருந்து தெறித்துப் படிந்த ஆய்வகக் கருவிகளைக் குளிர் பிளாஸ்மாவால் (மின்சாரத்தால் அயனியாக்கிய, அதிகம் சூடேறாத வாயு) சுத்தம் செய்து பார்க்கிறோம். பிளீச்சிங் கரைசல் உலோகத்தை அரிக்கும், மின்சுற்றுப் பலகையில் ஊற்றவும் முடியாது. பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் மட்டும்தான் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறும். வாயு அறைச்சூட்டை ஒட்டியே இருப்பதால் பிளாஸ்டிக் உருகாது.

கண்ணாடித் தகட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் ரப்பர் வளையங்களில்தான். அன்றைக்குத் துடைத்துப் பார்த்தால் சுத்தம். மறுநாள் உள்ளே ஊறியது மெல்லக் கசிந்து மேலே வந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய கவலை: மாலத்தியான் என்ற பூச்சிமருந்து அரைகுறையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் மாலாக்சான் ஆகும். அது மூலத்தைவிடக் கூடுதல் நச்சு! ஆக, மருந்தின் அளவு குறைந்ததை மட்டும் பார்த்து நிம்மதியடைய முடியாது. சிதைவில் உருவாகும் பொருள்களை யாராவது ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி) பின்தொடர்ந்திருக்கிறீர்களா? மிச்சத்தைச் சோதிக்கத் துடைத்தெடுக்கும் பஞ்சுக்கு எந்தக் கரைப்பான் எடுத்தீர்கள்? பிளாஸ்மாவுக்கான வாயுவில் ஆர்கானோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலப்பது நல்லதா, இல்லை ஈரக்காற்றே போதுமா?

பிளாஸ்மாவில் உண்டாகும் ஓசோனுக்கு ஃபியூம் ஹூட் (நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) இருக்கிறது, அது பிரச்சினையில்லை. அப்புறம், புற ஊதா விளக்கை மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் கருவிகளில் வெளிச்சம் போகாத இடுக்குகள்தான் அதிகம்.