விடிலிக்கு ஆறு மணிக்கே போயிருங்க: தூத்துக்குடி, உடன்குடிப் பக்கம் சுத்தின அனுபவம்

போன வருஷம் திருச்செந்தூர் போயிட்டுத் திரும்பும்போது, ரோட்டோரக் கடை ஒண்ணுல "ஒரிஜினல் உடன்குடி கருப்பட்டி"ன்னு போர்டு பார்த்து ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தேன். வீட்டுல அத்தை (மனைவியோட அம்மா, சாத்தான்குளம் பக்கம் பிறந்தவங்க) ஒண்ணை எடுத்து அம்மியில தட்டுனாங்க. உடைஞ்ச இடம் பளபளன்னு மின்னுச்சு. ஒரு துணுக்கை வாயில போட்டுட்டு, "சீனிப்பாகைச் சிரட்டையில ஊத்தி வித்திருக்கான். நீங்களும் காசக் குடுத்துட்டு வந்திருக்கிய"ன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அந்த ரெண்டு கிலோ தீர்ற வரைக்கும் எனக்கு மட்டும்தான் அதுல காபி.

இந்த வருஷம் சித்திரையில அவங்களையே முன் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். "கடைக்குப் போவாதிய, விடிலிக்குப் போங்க" – இதான் அவங்க போட்ட ஒரே நிபந்தனை. தெரியாதவங்களுக்காக: பதனீ காய்ச்சுறதுக்குப் பனங்காட்டுக்குள்ளேயே போடுற ஓலைக் குடிசைதான் விடிலி. உடன்குடியைத் தாண்டித் தேரிக்காட்டு (செம்மணல் மேடு) பக்கம் போனா அங்கங்க இருக்கும். போர்டெல்லாம் கிடையாது. புகை வர்ற திசையைப் பார்த்துப் போகணும்.

முதல் நாள் நாங்க போய்ச் சேர்ந்தது மதியம் ரெண்டு மணி. அடுப்பு அணைஞ்சு கிடந்துச்சு. சாம்பல் பக்கத்துல ஒரு நாய் படுத்திருந்துச்சு, அவ்வளவுதான். திரும்பும்போது செம்மணல்ல டயர் புதைஞ்சு, ஆடு மேய்க்கிற ரெண்டு பசங்க வந்து தள்ளி விட்டாங்க.

மறுநாள் காலையில ஆறு மணிக்குப் போனோம். பனையேறுற அண்ணாச்சி அப்பதான் ஒரு மரத்துல இருந்து இறங்கிட்டிருந்தார். இடுப்புல பாளை அரிவாள் வைக்கிற பெட்டி, கயித்துல தொங்குற குடுவை, கால்ல தளைநார் (மரம் ஏறக் காலைக் கோத்துக்கிற நார் வளையம்). நெஞ்சு முழுக்க மரம் உரசிக் காய்ச்சிருந்துச்சு. ஒவ்வொரு மரத்துலயும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறணுமாம். சாயங்காலம் பாளையைச் சீவி விடலைன்னா காலையில கலயத்துல ஒண்ணும் இருக்காது. "லீவு போட்டா மரம் கோவிச்சுக்கிடும்"னார். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுறதுலதான் சூட்சுமமே இருக்காம். குறைஞ்சுட்டா பதனீ புளிச்சுப் போகும், புளிச்சதை எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது. கூடிட்டா ருசி கெட்டுரும். அளவுகோல் ஏதும் உண்டான்னு கேட்டேன். விரலைக் காட்டுனார்.

ஓலைப் பட்டையில ஆளுக்கு ஒரு பதனீ குடிச்சோம். மரத்துல இருந்து இறங்கின சூட்டோட, ஐஸ் இல்லாம. நகரத்துல வண்டியில வச்சு விக்கிறதுக்கு வேற பேர் கண்டுபிடிக்கணும்னு தோணுச்சு.

காய்ச்சுறது அவரோட வீட்டம்மா. அடுப்புக்குக் காய்ஞ்ச ஓலையும் மட்டையும்தான். மூணு மணி நேரத்துக்கு மேல அந்த அக்கா அடுப்படியை விட்டு நகரவே இல்ல. பேசிக்கிட்டே கிண்டுறாங்க, கண்ணு மட்டும் சட்டியிலயே. நுரை பொங்கி விளிம்புக்கு வந்தப்ப இடிச்ச ஆமணக்கு முத்து கொஞ்சம் எடுத்துப் போட்டாங்க, பொசுக்குனு அடங்கிருச்சு. கடைசியில ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு, விரலால உருட்டிப் பார்த்துட்டு, "ஆச்சு"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் வேகம். மணல்ல வரிசையாப் பதிச்சு வச்ச சிரட்டையில ஊத்தி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கல. பத்து லிட்டர் பதனீ காய்ச்சினா ஒன்றரை கிலோ கூடத் தேறாது. அந்தக் கணக்கைக் கேட்ட பிறகு விலை பேச எனக்கு நாக்கு வரல.

பேசியும் பிரயோசனம் இல்ல. சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியாச்சாம். காய்ச்சுறது முச்சூடும் அந்தக் கணக்குக்குத்தான். "சொன்ன சொல் இருக்குல்லா"ன்னு அக்கா தயங்குனாங்க. அத்தை பக்கத்துல உக்காந்து, எந்த விளை (ஊரு), யாரு மக, கல்யாணம் எங்கேன்னு அரை மணி நேரம் பேசினதுல நாலு சிரட்டை கிடைச்சுது. பணம் கொடுத்து வாங்கினதுன்னு சொல்றதை விட உறவுமுறையில வாங்கினதுன்னு சொல்லலாம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, சந்தோஷம். ஆனா குறியீடு ஊர் பேருக்குத்தான் காவல். அந்த முன்பணக் கணக்கை அது என்ன செய்யும்னு எனக்குப் புரியல.

தூத்துக்குடி மக்ரூனைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, அதனால நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். பழைய பேக்கரி ஒண்ணுல பின்பக்கம் போய்ப் பார்க்க விட்டாங்க. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி – மூணே சாமான். மாவு கிடையாது, நெய் கிடையாது. நுரைக்க அடிச்ச கருவுல பொடிச்ச முந்திரியைக் கலந்து, காகிதக் கூம்புல அடைச்சு, தட்டு முழுக்கச் சுழிச்சு சுழிச்சு வைக்கிறார் ஒரு பெரியவர். ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு. ரொட்டியெல்லாம் எடுத்த பிறகு அடங்கின சூட்டுல ராத்திரி முழுக்க வைக்கணுமாம், இல்லேன்னா உள்ளே சவசவன்னு இருக்கும். போர்த்துகீசியர் காலத்துப் பழக்கம்னு ஊர்ல சொல்றாங்க. அவங்க ஊர்ல பாதாம் போட்டிருப்பாங்க, இங்கே முந்திரி. அந்த முந்திரி மரமும் அவங்க கப்பல்ல வந்ததுதான். மிச்சமாகுற மஞ்சக்கருவை என்ன செய்வீங்கன்னு கேட்டேன். "எல்லாரும் இதைத்தான் கேக்காங்க"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார்.

ஒரு எச்சரிக்கை: கடற்கரையில உக்காந்து மக்ரூன் பெட்டியைப் பிரிக்காதீங்க. மணப்பாட்டுல கடலோரமா சர்ச் இருக்கிற குன்று மேல உக்காந்து காத்து வாங்கிக்கிட்டே பிரிச்சோம். கால் மணி நேரத்துல மொறுமொறுப்பு போய் விரல்ல ஒட்டுது.

முதலூர் மஸ்கோத் அல்வாவுக்கும் போனோம். தேங்காய்ப்பாலே எண்ணெயாப் பிரிஞ்சு வர்ற வரைக்கும் கிண்டுறாங்க, நெய் ஊத்துறதில்ல. அன்னைக்குக் கூட்டம், நின்னு பார்க்க முடியல. சூடா ஒரு துண்டு சாப்பிட்டதோட சரி.

கடைசி நாள் தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு மீனவர் ஊர்ல மாசிக் கருவாடு போடுறதைப் பார்த்தோம். சூரை மீனைக் கீறி, உப்புத்தண்ணியில அவிச்சு, புகை போட்டு, வெயில்ல நாள்கணக்கா காய வைக்கிறாங்க. தட்டினா விறகுக்கட்டை மாதிரி டொக்குனு கேக்குது. பெரும்பாலும் இலங்கைக்குத்தான் போகுதாம், அங்கே சம்பலுக்கு (நம்ம துவையல் மாதிரி) இது இல்லாம ஆகாது. அரைக்கிலோ வாங்கி, ரெண்டு பாலித்தீன் பையில கட்டி டிக்கியில வச்சேன். கருப்பட்டியும் அதே டிக்கிலதான்னு ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. இப்ப எங்க வீட்டுக் கருப்பட்டிக் காபியில லேசா சூரை மணக்குது. அத்தை தினமும் ரெண்டு டம்ளர் குடிக்கிறாங்க.